நீலக் கால்

பஸ் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும். அந்த நீலக் கால் யாருடையது?

மெல்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குளிருதா?" என்று கேட்டான்.

"குளிராம என்ன? உங்க ஊர்ல ஜூன் மாசத்தை யாராச்சும் கண்ணால பாத்திருக்கீங்களா?" என்றாள் டெஃப்னே.

ஒரு செமஸ்டர் பொறியியல் படிக்க, வெயில் ஊரான இஸ்மீரிலிருந்து வடதுருவத்தை ஒட்டிய லூலியோவுக்கு வந்த பரிமாற்ற மாணவி அவள். இன்று ஊர் திரும்புகிறாள். விமானம் மத்தியானம்தான், ஆனால் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் காலையிலேயே கிளம்பிவிட்டாள். பெட்டியில் இடமில்லாததால் தன் ஆரஞ்சு ஓவராலை, சட்டையும் பேண்ட்டும் ஒன்றாய்த் தைத்த அந்த உடுப்பை, உடம்பிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறாள். வலது முழங்காலுக்குக் கீழே மட்டும் துணி கருநீலம்.

அதைப் பார்க்கப் பார்க்க மெல்கருக்கு வயிறு எரிந்தது.

இவர்கள் கல்லூரியில் ஓவரால்தான் விருந்து உடை. துறைக்கு ஒரு நிறம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு. மெல்கர் படிக்கிற சுரங்கத் துறைக்குக் கருநீலம். ஒருவர் மேல் மனசு போய்விட்டால் மோதிரம், பூ எல்லாம் கிடையாது. இரண்டு ஓவராலிலும் முழங்காலுக்குக் கீழே கத்தரித்து, காலுக்குக் கால் மாற்றி, கையால் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் அதை மாட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் வந்தால் சம்மதம். வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். வாயையே திறக்க வேண்டியதில்லை. வாய் திறக்கவே கூச்சப்படுகிற இந்த வடகோடிப் பிள்ளைகளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இன்னொரு சட்டமும் உண்டு. ஓவராலைத் துவைக்கவே கூடாது.

வந்த புதிதில் டெஃப்னே அது தெரியாமல் சோப்புத்தூளைக் கொட்டி மிஷினில் போட்டு எடுத்துவிட்டாள். விடுதியே துக்கம் காத்தது. சமையலறையில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தன் பங்குக்கு ஒன்றை ஏற்றினாள். அந்தச் சிரிப்பில்தான் மெல்கர் விழுந்தான்.

விழுந்தவன் சொல்லித் தொலைக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று நாளை ஓட்டினான். மே மாத விருந்து ஒன்றில் அவள் நீலக் காலோடு வந்து நின்றாள்.

எவனோ முந்திக்கொண்டான்.

எவன்? சுரங்கத் துறையில் நீல ஓவராலுக்கா பஞ்சம்? அன்றிலிருந்து மெல்கர் வகுப்புப் பையன்களின் முகத்தையே பார்ப்பதில்லை, காலைத்தான் பார்த்தான். ஆரஞ்சு யாரிடமும் இல்லை. கூடப் படிக்கிற விகோ ஒரு விருந்துக்கு ஜீன்ஸில் வந்தபோது இவன்தான் என்று முடிவுகட்டி அவனோடு பேச்சை நிறுத்தினான். பாவம் விகோ, அவன் ஓவரால் சைக்கிள் செயினில் மாட்டிக் கிழிந்திருந்தது.

விருந்துக்கு விருந்து டெஃப்னே அதே நீலக் காலோடு வந்தாள். மெல்கர் ஸ்வெட்டரில் போய் ஒரு மூலையில் நின்றான். ஓவராலை மாட்டுகிற ஆசையே அவனுக்கு விட்டுப்போயிருந்தது.

தெருக்கோடியில் பஸ் திரும்பியது.

டெஃப்னே பெட்டியை நிமிர்த்தினாள். அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கவா? நீ ஏன் உன் ஓவராலைப் போடவே இல்ல?"

"நாத்தம்," என்றான். வாயில் வந்தது அதுதான்.

"எது நாத்தம்?"

"புகைதான். ஏப்ரல் கடைசியில கடலோரத்துல சொக்கப்பனை கொளுத்தினோமே, அன்னிக்குப் போட்டது. அங்கயே கழட்டிப் போட்டுட்டு மறந்து வந்துட்டேன், நீதானே ரெண்டு நாள் கழிச்சு எடுத்துட்டு வந்து குடுத்த. மறுநாள் பரீட்சை. சுருட்டினது சுருட்டினபடி கட்டிலுக்கடியில தள்ளிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பிரிக்கவே இல்லையா?"

"இல்லையே. ஏன், பாக்கெட்ல எதாச்சும் விட்டுட்டியா?"

டெஃப்னே பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவன் பதறிக் குனிந்தால், சிரிக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரிக்கிறாள். பிரிகிற நேரத்தில் இது என்ன சிரிப்பு என்று மெல்கருக்குத்தான் அழுகை முட்டியது.

பஸ் வந்து நின்றது. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். அவள் ஏறினாள். இனி மானம் என்ன, மரியாதை என்ன?

"அந்தக் கால் யாரோடது?"

"மக்கு," என்றாள் படியில் நின்றபடி. "போய் உன் ஓவராலைத் துவை."

கதவு மூடிக்கொண்டது.

துவைக்க வேண்டுமாம். இத்தனை மாதம் இங்கே இருந்தும் அந்த ஒரு சட்டம் மட்டும் அவள் மண்டையில் ஏறவில்லை. மெல்கர் அறைக்குத் திரும்பினான்.

கட்டிலுக்கடியிலிருந்து மூட்டையைக் காலால் இழுத்தான். சட்டைக் கைகளை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். அவிழ்த்ததும் புகை நாற்றம் குப்பென்று அடித்தது.

கீழே, வலது முழங்காலைச் சுற்றி, கோணல்மாணலாகப் பெரிய பெரிய தையல். அதற்குக் கீழே மட்டும் ஆரஞ்சுத் துணி, சோப்பு வாசனை.

மெல்கர் அதை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். விமான நிலையத்தில் நாலு பேர் இல்லாமலா போய்விடுவார்கள்.