பொன்பிடி ஆலன் கீ

குவைத் வரலாற்றில் பொறிக்கப்பட வேண்டிய வெள்ளிக்கிழமை இது: அமைச்சகத் துறைத் தலைவர் பூ மர்சூக், மூன்றாண்டு முயற்சிக்குப் பின், ரிமோட் கார் பந்தயத்தின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறார். சுற்று தொடங்கப் பத்து நிமிடம். பாலைவனக் கூடாரத்தின் மேசையில் வண்டி மல்லாந்து கிடக்கிறது. உடைந்த பற்சக்கரத்தை மாற்ற வேண்டும். அதன் மூடியைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்க்ரூ கழல மறுக்கிறது. சாய்வெயில் துணி வழியே கசிந்து, வெல்வெட் பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருக்கும் அறுகோண முனைத் திருகிகளான பொன்பிடி ஆலன் கீக்களில் மினுங்குகிறது. அவற்றில் ஒன்றை நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகுகிறார். சரக்கென்று வழுக்குகிறது. "எவன்டா என் பெட்டியைத் தொட்டது?" ஜெனரேட்டர் இரைச்சலை மீறுகிறது குரல். பக்கத்து மேசையில் டயருக்குப் பசை தடவும் மைத்துனன் ஃபலாஹ் நிமிரவே இல்லை. "யாரும் தொடல, பூ மர்சூக். அது அமெரிக்க செட்டு, அங்குலக் கணக்கு. உங்க வண்டி மில்லிமீட்டர். மயிரிழை வித்தியாசம்தான், ஆனா ஸ்க்ரூ தலையைத் தின்னுடும். இந்தாங்க, என்னோடத எடுத்துக்கங்க." அவன் நீட்டுவது எண்ணெய்ப் பிசுக்கேறிய கறுப்புப் பிடிக் கீ. "இந்தக் குப்பையை என் வண்டியில வைக்கவா? ஆபீஸ்ல நூறு பேரு என் சொல்லுக்கு எந்திரிச்சு நிக்கிறான்." "ஸ்க்ரூ உங்க ஆபீஸ்ல வேலை பாக்கலியே, மச்சான்." கழுத்து நரம்பு புடைக்க அவர் பொன்பிடியையே மறுபடி அழுத்தித் திருகுகிறார். ஆறு மூலையும் தேய்ந்து, ஸ்க்ரூவின் குழி வட்டமாகிறது. இனி எந்தக் கீயும் அதைப் பிடிக்காது. ஒலிபெருக்கி பெயர்களை அழைக்கிறது. இறுதிச் சுற்று அவர் இல்லாமல் தொடங்குகிறது.