ஆடி போகட்டும்

"ஆடி போகட்டும், ஆவணியில மாடியில சோலார் பேனல் போட்டுக்கலாம்" என்று சொன்னது பூங்கோதைதான். ஆடியில் அவள் எதையும் ஆரம்பிக்க மாட்டாள். கணவர் தணிகாசலத்தின் மூச்சு இயந்திரம் அப்போது ஊர் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆடி இருபத்தெட்டில் பக்கத்து வீட்டு சுலோச்சனா பேனல் போட்டுவிட்டாள். முதலில் பதிந்தவர் பக்கத்து மாடிக்கு மேலேயும் விரித்துக்கொள்ளலாம் என்பது சட்டம். ஆவணியில் பூங்கோதை மனுவோடு போனபோது, "உங்க மாடியில வெயிலே இல்லையேம்மா" என்றார் வெயில் வாரிய அதிகாரி.

சித்திரையில் ஊர் மின்சாரம் பகலில் நின்றது; பகலுக்கு அவரவர் பேனல்தான் என்றாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறிய பேனலைத் தெருவில் வைத்தால் பறிமுதல் செய்துவிடுவார்கள். அதை ஜன்னலுக்குள் வைத்துவிட்டு, பீரோ கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு தெருவில் நின்றாள். வெயிலை ஜன்னலுக்குள் திருப்பினாள். உள்ளே இயந்திரம் ஓடியது. கண்ணாடியின் சூட்டில் கை கொப்பளித்தது. அவள் அசையவில்லை.

மூன்றாம் நாள் தலைக்கு மேல் டிரோன் வந்து நின்றது.

"தெரு வெயில் வாரியத்துக்குச் சொந்தம். கண்ணாடியை உடனே இறக்கவும். தவறினால் இந்த வீட்டுக்கு இரவு மின்சாரமும் நிறுத்தப்படும்."

"அவரு மூச்சு விட்டுக்கட்டும்யா, அப்புறம் எறக்குறேன்" என்று அவள் வானத்தைப் பார்த்துக் கெஞ்சினாள்.

"கோத, போதும். உள்ள வா."

தணிகாசலத்தின் குரல் ஜன்னல் வழியே தெளிவாகக் கேட்டது. மூச்சு இயந்திரத்தின் முகமூடியைக் கழற்றினால் மட்டுமே அவர் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்கும்.