எட்டுக் கண் கல்

"இது பதினோராவது மனு சார். இன்னைக்காவது தண்ணிய நிறுத்திட்டுக் கல்லைப் பார்க்கப் போறீங்களா, இல்லையா?"

கேட்டவர் ரிட்டையர்டு வாத்தியார். பாசன இன்ஜினியர் ஒரு செருப்பைச் சேற்றுக்குள் தொலைத்துவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

வாய்க்காலுக்குக் குறுக்கே, மேல்விளிம்பு மட்டும் வெளியே தெரிய, தண்ணீருக்குள் கிடந்தது அந்த முந்நூறு வருஷத்துக் கல். அதில் ஒரே அளவில் எட்டுக் கண்கள். இடப்பக்கத்து நாலு துளையில் பாய்வது வாத்தியார் வயலுக்கு. வலப்பக்கத்து நாலு, கோழி வளர்க்கும் அம்மாவின் வயலுக்கு. அடுத்த வாரம் 'பாரம்பரியச் சின்னம்' என்று பலகை நடப்போகிறார்கள். அதற்குள் இந்தத் தலைவலி தீர வேண்டும்.

"என் பயிர் காயுது. இந்தம்மா ஏதோ பண்ணியிருக்கு. கல்லு மேல என்ன வெட்டியிருக்குன்னு படிங்க."

"பத்து தடவை படிச்சாச்சு சார்."

வாத்தியார் விடவில்லை. தானே சத்தமாகப் படித்தார். "'கல்லில் கை வைத்தவருக்கு அந்தப் போகம் தண்ணீர் இல்லை.' உள்ளது உள்ளபடி ரிப்போர்ட் எழுதுங்க. எனக்கு அது போதும்."

"அறுவடை முடிஞ்சு பார்த்துக்கக் கூடாதாங்க?" கோழிக்காரம்மா மெல்லக் கேட்டார்.

"பார்த்தீங்களா, இப்பவே வேர்க்குது."

மேலே மதகை அடைத்தார்கள். தண்ணீர் வடிய அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் வாத்தியார் வாய் மூடவில்லை.

கல் முழுசாக வெளியே தெரிந்தது. இரண்டு கண்களில் துணி திணித்துக் களிமண் பூசியிருந்தது. இன்ஜினியர் ஒன்றைப் பிடுங்கினார். பழைய பூப்போட்ட சேலைத் துணி. அதே பூ கோழிக்காரம்மா தலையில் கட்டியிருந்த துண்டிலும் இருந்தது.

"ஆச்சா? சேலையே சாட்சி. எழுதுங்க சார்."

இன்ஜினியர் எழுதவில்லை. கண்களை எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

"சார், உங்க நாலும் திறந்துதான் இருக்கு. அடைச்சிருக்கிறது இந்தம்மாவோட ரெண்டு கண்ணு."

"அவங்க தண்ணியை அவங்களே எதுக்கு அடைக்கணும்?"

"வாய்க்கால்லயே தண்ணி கம்மிங்க" என்றார் அந்த அம்மா. "நான் பாதி நிலந்தான் விதைச்சேன். மிச்சம் அவரு பக்கம் போகட்டுமேன்னு..."

இன்ஜினியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா. பதினோரு மனு!"

"சொன்னா வேணாம்பாரு. பயிரு என்னங்க பண்ணும், பாவம்?"

இன்ஜினியர் நோட்டைப் பிரித்தார்.

"கல்லுல கை வச்சது இவங்க. இந்தப் போகம் இவங்களுக்குத் தண்ணி கிடையாது. உள்ளது உள்ளபடி எழுதிடவா சார்?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ள வெகு நேரம் ஆனது.

"வண்டல் அடைச்சிருந்ததுன்னு எழுதுங்க."

இன்ஜினியர் தன் கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"பூப்போட்ட வண்டலா சார்?"