காற்று பின் தெருவுக்குத் திரும்பியபோது

புகைபோக்கியில் புது வடிகட்டி மாட்டிய பிறகு முதல் முறையாகக் காற்று பின் தெருப் பக்கம் திரும்பியது.

தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் மேலாளர் திரையைப் பார்த்தார். புகைபோக்கியின் கரித்துகள் அளவு பச்சைக் கோட்டுக்குள் சமர்த்தாக இருந்தது.

திரை பொய் சொல்லாது. ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். கரி எங்கே போய் விழுகிறது என்று அதை யாரும் கேட்கவில்லை.

அதைச் சொல்ல பின் தெருவில் ஒருவர் இருந்தார். காயப்போட்ட துணியில் ஒரு பொட்டுக் கரி விழுந்தால் போதும், புகார் எண்ணுக்கு அழைத்து வெளுத்து வாங்கிவிடுவார். அலுவலகத்தில் அவருக்குக் கரித்துணி அக்கா என்று பெயர்.

வடிகட்டி வருவதற்கு முன்பு, அக்காவின் அழைப்புகளையும் காற்றின் திசையையும் அருகருகே வைத்துப் பார்த்துத்தான் மேலாளர் இரண்டாம் கொதிகலனை அணைக்கச் சொல்லியிருந்தார். திரை பச்சையாக இருக்கும்போதே.

முதலாளி குதித்தார். கொதிகலன் ஆட்கள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். மேலாளர் மன்றாடி வடிகட்டி வாங்கினார்.

இன்று சோதனை. கொதிகலன் எரிகிறது. ஆட்கள் கேட்டருகே நிற்கிறார்கள், உள்ளே வருவதா வீட்டுக்குத் திரும்புவதா என்று தெரியாமல்.

தொலைபேசி அடிக்கவில்லை.

"அக்கா இன்னிக்கு லீவு போல சார். ஆளுங்களை உள்ள விட்டுடலாமா?" என்றான் உதவிப் பொறியாளன்.

"கூப்பிடலைன்னா கரி விழலைன்னு அர்த்தமாய்யா? துணியே துவைக்காம இருந்திருந்தா?"

மேலாளரே அக்காவின் எண்ணை அழுத்தினார். ஒலிபெருக்கியில் போட்டார்.

"புகார் பிரிவுலேர்ந்து பேசறேம்மா. துணி காயப் போட்டிருக்கீங்களா?"

"காலையிலேயே போட்டாச்சு. இருங்க சார், பார்த்துட்டு வரேன்."

படியேறும் சத்தம். பிறகு காற்று. ஈரம் காய்ந்த போர்வை ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது.

உதவிப் பொறியாளன் நகத்தைக் கடித்தான்.

"தும்பைப் பூ மாதிரி இருக்கு சார். பொய் சொல்லக் கூடாது."

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கேட்டை நோக்கி ஓடினான். கொஞ்ச நேரத்தில் வெளியே விசில் பறந்தது.

மேலாளர் ஒலிபெருக்கியை அணைத்து, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார்.

"அந்தத் தம்பி போயாச்சா?" அக்காவின் குரல் தணிந்தது.

"போயாச்சு."

"ஏங்க, காத்து எங்க அடிக்கும்னு வரைபடம் பார்த்து, கரி கொட்டற இடமா தேடிப் பிடிச்சு கட்டின பொண்டாட்டியைக் குடி வச்சீங்களே. வடிகட்டிதான் வந்தாச்சே, இனியாவது வேற வீடு பாருங்களேன்."

மேலாளர் ஜன்னலைத் திறந்தார். ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

"எதுக்குடி? இப்பதானே அந்தத் தெரு நல்லாயிருக்கு."