தானாகப் பற்றிக்கொள்ளும் சூளை

ஸ்காட்லாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்து வாசலில், நிலக்கரியைச் சுட்டுக் கல்கரியாக்கும் செங்கல் சூளைகள் எட்டு, தோளோடு தோள் ஒட்டி நின்றன.

அதில் ஏழாவதுக்கு வாய் கொஞ்சம் நீளம். "எனக்கு யாரும் தீ வைத்ததே இல்லை. கரியைக் கொட்டினால் போதும், தானாகப் பற்றிக்கொள்வேன்" என்று கரி கொண்டுவரும் தள்ளுவண்டியிடம் தினமும் அளக்கும்.

"இரண்டு பக்கமும் சுவர் கொதிப்பது ஐயாவுக்குத் தெரியாதாக்கும்" என்று வண்டி முனகிக்கொண்டே போகும்.

ஒரு மழையில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. மாதக்கணக்கில் வேலை நின்று, சூளைகள் எல்லாம் சில்லிட்டுப் போயின. மறுபடி கரி வந்தபோது, ஏழில் புகைகூட எழவில்லை.

"மற்றவற்றுக்குப் போக, மீதி விறகு ஆறுக்கும் எட்டுக்கும்தான் இருக்கிறது. நாளைக்குள் ஏழு பற்றவில்லையென்றால் இடித்துவிடுங்கள்" என்றார் மேஸ்திரி மக்லூர்.



ஆறும் எட்டும் விறகில் பற்றி எரிந்தன. நடுவிலிருந்த ஏழின் சுவர்கள் மெல்லச் சூடேறின. காலையில் ஏழு குபீரென்று பற்றிக்கொண்டது.

"பார்த்தாயா? தானாகவே!"

வண்டி எட்டாவது சூளைக்குப் போனது. வாயோரம் ஒட்டிய விறகுச் சாம்பல்கூட இன்னும் உதிராத எட்டு, மிடுக்காக ஆரம்பித்தது:

"எனக்கு யாரும் தீ வைத்ததே இல்லை, தெரியுமா?"