நுணாப்பாக்கத்துப் புகார்கள்

“இந்த மாசம் மட்டும் முப்பத்தோரு புகார். என்னம்மா வேலை பாக்கறீங்க?”

உத்திரமேரூரிலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி பிரேம்நாத், காகிதக் கட்டை மேஜையில் போட்டார். நுணாப்பாக்கம் கிளைத் தபால் ஆபீஸின் போஸ்ட் மாஸ்டர் பவளம் கட்டை இழுத்துப் புரட்டினாள். முப்பத்தொன்றும் அவள் ஒருத்தி மேல்தான்.

அதுவும் ஊரே இல்லாத ஊரில்!

ஏரி உடைந்த வருஷமே நுணாப்பாக்கத்து ஜனம் பெருநகர், காவாந்தண்டலம் என்று சிதறிவிட்டது. வீடுகளும் போய்விட்டன. மேட்டில் இருந்த தபால் ஆபீஸ் மட்டும் தப்பித்தது. தபாலுக்கு மட்டும் எல்லாரும் இன்னும் பழைய விலாசத்தையே கொடுத்துவந்தார்கள்.

“செங்கேணின்னு ஒருத்தர். கதவைக்கூட தட்டாம, வீடு பூட்டியிருக்குன்னு எழுதிட்டீங்களாம்.”

“அவருக்கு இங்க கதவே இல்லியே சார்.”

“சின்னராசுன்னு ஒருத்தர். தபால் குடுக்கும்போது நீங்க சிரிக்கறதில்லையாம்.”

இதைக் கேட்டு பவளத்துக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

“சிரிங்க. உங்களை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி எழுதப் போறேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“இவங்க வூட்டு விசேஷம் ஒண்ணு விடாம போயிருக்கேன் சார். ஏன் இப்படி எழுதறாங்கன்னே தெரியல. மனசு வலிக்குது.”

அந்த நேரம் பார்த்து செங்கேணியே உள்ளே வந்தார். பெருநகரிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த களைப்பு.

“இன்னா பவளம், நமக்குத் தபால் வந்துகீதா?”

கையெழுத்துப் போட்டு வாங்கினார். பிரிக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிரேம்நாத் விடவில்லை. “பெரியவரே, இந்தம்மா மேல உங்களுக்கு என்ன கோவம்?”

“கோவமா? தங்கமான பொண்ணு சார் அது. யார் மேல புகார்னு பாரத்துல கேட்டுகீது. எங்களுக்குத் தெரிஞ்ச பேரைப் போட்டோம்.”

“அப்புறம் எதுக்குய்யா புகார்?”

செங்கேணி தலையைச் சொறிந்தார்.

“தபால் வர்றது கொறஞ்சா ஆபீசை மூடிடுவீங்களாமே. எங்க ஊரு பேரு எழுதின போர்டு இது ஒண்ணுதான் மிச்சம் கீது. எங்களுக்கெல்லாம் யாரு சார் லெட்டர் போடறாங்க? புகார் எழுதினா நீங்கதான் ஒண்ணு விடாம ஸ்பீடு போஸ்ட்டுல பதில் போடறீங்க.”