டிவிக்குப் பின்னால் ஒரு நடுவர்

வேல்மயில் வீட்டு டிவிக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. அன்று டிவியில் சினிமா விருது விழா. வீடே கூடி உட்கார்ந்திருந்தது.

"சிறந்த நடிகர் விருது நம்ம ஆளுக்குத்தான்" என்றார் வேல்மயில். அந்த நேரம் பார்த்துப் பல்லி உச்சுக் கொட்டியது.

"பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு" என்றாள் அவர் மனைவி.

அதிலிருந்து பல்லிக்குத் தலைகால் புரியவில்லை. விருதையே தான்தான் கொடுக்கிறோம் என்று நினைப்பு.

மேடையில் வேறு ஒருவர் பெயரை வாசித்தார்கள். பல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாம் ஆளைப் பிடிச்சு வாங்கின விருது. நம்ம ஆளு கால்தூசிக்கு ஆவானா இவன்?"

ஒயர்களுக்கு நடுவே, பல்லியின் வாய்க்கு அடங்காத ஒரு பெரிய கரப்பான் படுத்திருந்தது. "அண்ணே, விருது வாங்கினவரோட படத்தை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டது.

"டிவிக்குப் பின்னாடி இருக்கிறவனுக்குப் படம் எப்படிடா தெரியும்? சோபாவில இருக்கிறவங்க மூஞ்சி தெரியுது. அநியாயம்னு சொல்ல அது போதாதா?"

கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டே சோபா பக்கம் எட்டிப் பார்த்தது.

சோபாவில் வேல்மயில் ரிமோட்டை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேர் படத்தையும் நான் பாக்கலை. ஆனா இது அநியாயம்."

பல்லி உச்சுக் கொட்டியது. வீடே தலையாட்டியது.